செபமாலையின் துவக்குக்கு ஒரு குழல்

எங்கள் பங்கில் ஞாயிறு பூசை முடிகிற நேரம் ஃபாதர் அறிவித்தல்கள் வாசிப்பார். யாருக்குத் திருமணம், அடுத்த வாரம் எந்தக் குடும்பம் தேத்தண்ணிக்குப் பொறுப்பு, பெருநாளுக்கு மாதாவின் கூடு சோடிக்க யார் யார் வரவேண்டும் என்பதெல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் ஒரு வான் வரும். "வாசலில ஒரு நீல வான் லைட் நிப்பாட்டாமல் நிக்குது. ஆற்ற வான்?" என்று கேட்பார்.

அந்த நீல வான் எங்களுடையது. கேள்வி காதில் விழுந்ததும் செபமாலை என்கிற என் கணவர் முழந்தாளில் இருந்து கண்ணை இறுக்க மூடிக்கொள்வார். பூசை நடந்த நேரத்தில்கூட அவ்வளவு பக்தி அவருக்கு வந்து நான் கண்டதில்லை. பிறகு நான்தான் எழும்பி, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழுச் சனமும் பார்க்க நடுவால் நடந்து போய் லைட்டை நிப்பாட்டிவிட்டு வருவேன்.

"எங்கட வான்தானே. எழும்பிச் சொன்னால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆற்ற எண்டு கேட்டவர். ஏன் கேக்கிறார் எண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?"

"லைட் எரியுது எண்டு சொன்னவர்தானே."

"அது அவர் சொல்லுற காரணம்."

என் பெயர் நிரஞ்சனி. இங்கே கனடாவில், டொலார்டில் ஒரு கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், குழந்தைகளைப் பார்க்கிறேன். பகல் முழுக்க இரண்டு வயதுப் பிள்ளைகள் "என்னுடையது, என்னுடையது" என்று பிரெஞ்சில் கத்திக்கொண்டு ஒரே பிளாஸ்டிக் லொறியை இழுத்துப் பறிப்பார்கள். அதைப் பிரித்துவிட்டுக் களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், உலகத்தில் ஒரு பொருளும் தன்னுடையதில்லை என்கிற மனிதர் சோபாவில் இருப்பார். வீடு வங்கியின் வீடு. மகள் ஜெசிக்கா பரிசு வாங்கினால் "தாயின்ர பிள்ளை". போட்டிருக்கிற சேட்டு நல்லது என்று யாராவது சொன்னால் "சும்மா வீட்டில கிடந்தது" என்பார். ஒருமுறை மெட்ரோவில் குடையை விட்டுவிட்டு இறங்கினார். பின்னால் ஒரு பையன் அதைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்து, "மிஸியூ, இது உங்களுடையதா?" என்று கேட்டான். "பா மொவா" என்றார். நானில்லை என்று அர்த்தம். இரண்டு பேரும் நனைந்து நனைந்து வீடு வந்தோம்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு துவக்கு வந்து சேர்ந்தது, வேட்டைத் துப்பாக்கி.

ஜான்-டலோன் சந்தையில் காஸ்தோனின் இறைச்சிக் கடையில் செபமாலை வெட்டுகிறவர். மன்னாரிலிருந்து வந்து முதலில் கிடைத்த வேலை அது, இன்றுவரை அதுதான். காஸ்தோன் ஒவ்வொரு ஒக்டோபரும் கூட்டாளிகளோடு வடக்கே ஓர் ஏரிப்பக்கம் மூஸ் வேட்டைக்குப் போவார். மூஸ் என்பது மான் இனம்தான், ஆனால் எங்கள் வானை விட உயரம். சமைக்கவும் விழுந்ததை வெட்டவும் ஆள் வேண்டுமென்று செபமாலையைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கி, பிறகு காட்டில் சும்மா இருக்கக் கூடாதென்று பாதுகாப்பு வகுப்புக்கும் அனுப்பி, துவக்கு உரிமம் எடுக்க வைத்தார். உரிமம் ஒரு சின்ன அட்டை. அது தபாலில் வந்த அன்றே செபமாலை அதைப் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் புதைத்தார். நான் இரண்டு முறை அதை உலையில் போடப் பார்த்தேன்.

முந்தின வருடம் ஒரு மூஸ் விழுந்தது. காஸ்தோனும், இரவல் துவக்கோடு செபமாலையும் ஒரு பரணில் காத்திருந்த நேரம் அது நடந்தது. மற்றவர்கள் ஓடி வந்து யார் சுட்டது என்று கேட்க, செபமாலை இரண்டு கையையும் உயர்த்தி, "காஸ்தோன்" என்றார். காஸ்தோன் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாராம். அன்று எடுத்த படம் கடைச் சுவரில் தொங்குகிறது. கொம்பைப் பிடித்தபடி காஸ்தோன், ஓரத்தில் கறிச்சட்டியோடு என் மனிதர். அந்த மூஸ் இறைச்சியில் நான் மாரிகாலம் முழுக்க றோல்ஸ் செய்தேன். ஒருநாள் மூன்றாவது றோல்ஸைக் கடித்தபடி, "வெடி வைச்சது நான்தான். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார். மூஸின் சொந்தக்காரர் தேடி வந்துவிடுவார் என்ற பயம் போல.

இந்த வசந்தத்தில் காஸ்தோனின் முழங்கால்கள் இரண்டும் வேலை நிறுத்தம் செய்தன. இனிக் காட்டில் நடக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். இந்த ஒக்டோபர் கடைசி முறையாக வருவேன், முகாமில் அடுப்பருகே இருந்து சத்தத்தை மட்டும் கேட்பேன் என்று சொல்லி, தன் தகப்பனாரின் துவக்கைச் செபமாலைக்குக் கொடுத்தார். சும்மா கையில் கொடுக்கவில்லை. முறைப்படி பெயர் மாற்றி, பதிவு செய்து, பத்திரத்தில் கொட்டை எழுத்தில் செபமாலையின் பெயர் போட்டுக் கொடுத்தார். அது எந்தக் காலத்திலோ இங்கிலாந்தில், ஆபிரிக்க யானைகளை மனதில் வைத்துச் செய்த துவக்கு. வாய்த் துளைக்குள் என் சின்னவிரல் நுனி போகப் பார்த்தது. மரம் நல்ல மரம், பூட்டும் அசையவில்லை. குழல்தான் போய்விட்டது. உள்ளே ரவையைச் சுழற்றி அனுப்புகிற முறுக்குக் கோடுகள் தேய்ந்து, துரு தின்று பொத்தல் பொத்தலாகக் கிடந்தது. காகிதத் தட்டைக் குறி வைத்தால் தட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டது. புதுக் குழல் போட வேண்டும், இப்போதே சொல்லி வைத்தால்தான் ஒக்டோபருக்குக் கிடைக்கும் என்று காஸ்தோன், புரோசார்டுக்கு அங்கால் இருக்கிற மிரேய் என்ற பெண்ணின் பட்டறைக்கு வழி சொன்னார். துவக்குத் திருத்துவது அவள் தொழில்.

ஒரு சனிக்கிழமை போனோம். பூட்டிய பெட்டிக்குள் துவக்கு. பெட்டிக்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் அரிசி மூட்டை, மூட்டைக்கு மேல் லூர்து மாதாவின் தண்ணீர்ப் போத்தல். பாலத்தில் அவர் ஓட்டிய வேகத்துக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹோன் அடித்தார்கள். ஒவ்வொரு ஹோனுக்கும் அவர் சீட்டுக்குள் இன்னும் கொஞ்சம் இறங்கினார்.

மிரேய் கட்டையான பெண். தலையில் ஒரு கண்ணாடி, கழுத்தில் ஒரு கண்ணாடி. பெட்டியைத் திறந்ததும் துவக்கைப் பார்த்து, நல்ல குடும்பத்துப் பிள்ளை என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டாள். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பிறகு மேசையில் மூன்று குழல்களை மாதிரிக்கு எடுத்து வைத்தாள். நான் கேட்டு அவருக்குத் தமிழில் சொன்னேன்.

முதலாவது, பழையது போலவே நீளமாய், நுனிக்கு வரவர மெலிந்து, அதே பெரிய துளையோடு. பழைய குறிகாட்டியையும் கழற்றி அதிலேயே பூட்டலாம். சுட்டால் தோளில் மாடு உதைத்த மாதிரி இருக்கும். இரண்டாவது சின்னத் துளை. உதை பாதிகூட இல்லை, எந்தக் கடையிலும் ரவை வாங்கலாம், மூஸுக்கு அது தாராளம். மூன்றாவது பெரிய துளைதான், ஆனால் கட்டையும் தடிப்பும். பாரமே உதையைக் குடித்துவிடும், என்ன, மரத்தைக் கொஞ்சம் குடைய வேண்டும்.

"எதைப் போடுவது என்று சுடுகிறவரைப் பார்த்துத்தான் சொல்லலாம். இதில் சுட்டிருக்கிறீர்களா?" என்று அவள் செபமாலையைக் கேட்டாள்.

அவர் முகம் மாறியது. எனக்கு அந்த முகம் தெரியும். எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் அப்படி ஒரு முகம் இருக்கிறது, சோதனைச்சாவடிக்கென்று எடுத்து வைத்தது.

"நோ" என்றார்.

"வேறு துவக்கால்?"

"நோ. நெவர்."

"வேட்டைக்குப் போவீர்களா?"

"சமைக்கப் போவன்."

"சரி, இது உங்களுடைய துவக்குத்தானே?"

"பா மொவா" என்றார். கேட்காமலே மேலும் சொன்னார். சிநேகிதர் ஒருவருடையது, பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியாது, தூக்கிக்கொண்டு வந்தது மட்டும்தான் தான். நான் அவர் காலை மிதித்தேன். காலும் தன்னுடையதில்லை என்பது போல நின்றார்.

மிரேய் உரிமத்தைக் கேட்டாள். குழல் வாங்குவதற்கும் உரிமம் காட்ட வேண்டுமாம். செபமாலை கக்கத்திலிருந்த ஃபைலைத் திறந்து ஒவ்வொன்றாக வைத்தார். ஞானஸ்நானச் சான்றிதழ், உறுதிபூசுதல் சான்றிதழ், எங்கள் விவாகப் பதிவு, கடைசியில் ஃபாதரின் நற்சான்றுக் கடிதம். இவரை எனக்கு நீண்ட காலமாகத் தெரியும், பாடகர் குழுவில் ஒழுங்காகப் பாடுகிறார் என்று அதில் இருந்தது. துவக்கு உரிமம் அரிசி வாளிக்குள் இருந்தது. அவர் கணக்கில், துவக்கோடு பிடிபட்டாலும் பரவாயில்லை, துவக்குப் பேப்பரோடு பிடிபடக் கூடாது.

மிரேய் இரண்டு கண்ணாடியையும் மாற்றி மாற்றிப் போட்டு ஃபாதரின் கடிதத்தை வாசித்தாள். பிறகு மரியாதையாகவே சொன்னாள். துவக்கு தன்னுடையதில்லை என்கிறவருக்குத் தான் ஒரு ஆணிகூடப் பூட்ட மாட்டாளாம். நான் திரும்பிப் பார்த்தபோது அவர் பெட்டியோடு வானுக்குள் இருந்தார்.

"பத்திரத்தில உங்கட பேர் கிடக்கு. உங்கட பேர்" என்றேன் பாலத்தில்.

"செபமாலை எண்டு எத்தினை பேர் இருக்கினம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தண்ணீர்ப் போத்தலைக் குடித்து முடித்தேன்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு, கோயில் நிலவறையில் தேத்தண்ணியோடு மகாநாடு கூடியது. "ஒரு சிநேகிதன்ர துவக்கு" என்று செபமாலை கதையைத் தொடங்கினார். பார்க் எக்ஸில் டெப்பனர், அதாவது மூலைக்கடை, வைத்திருக்கும் ஆனந்தராசாவும், கணக்கு வேலை பார்க்கும் விமலநாதனும் கதிரையை இழுத்துப் போட்டார்கள். துவக்கின் பின்பக்கத்தை இவர்களில் ஒருவரும் பிடித்ததில்லை. முன்பக்கத்தைப் பற்றி எல்லோரும் நிபுணர்கள். எது எவ்வளவு தூரத்தில் வெடித்தது, எதற்குக் குப்புறப் படுக்க வேண்டும், எதற்குப் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

"தடிச்சதைப் போடச் சொல்லுங்கோ அண்ணை" என்றார் ஆனந்தராசா. "அதிலதான் இரும்பு கூட."

"துவக்கை என்ன பழைய இரும்புக்கே போடப் போறியள்?" என்றார் விமலநாதன். "சின்னத் துளைதான் சரி. ஆனால் மரம் கிழட்டு மரம். குழல் புதுசு. ரெண்டுக்கும் ஒத்து வருமோ எண்டு பாக்கவேணும். மரம் எந்த வருசத்துப் பிறப்பு?"

நாங்கள் கத்தோலிக்கர், சாதகம் பார்ப்பதில்லை. பிறந்த வருடமும் நேரமும் சும்மா கேட்டு வைப்போம், அவ்வளவுதான். அன்று துவக்குக்கும் குழலுக்கும் வயது, நிறம், பாரம், குடும்பம் எல்லாம் பார்த்தார்கள். இங்கிலாந்து மரத்துக்குக் கனடாக் குழல் சரிவருமா என்று ஒரு வாதம் ஓடியது. நானும் என் பங்குக்குச் சின்னத் துளைக்கு வாக்குப் போட்டேன். பத்து மணித்தியாலம் இறைச்சி வெட்டிவிட்டு வருகிற தோளுக்கு எண்ணெய் தேய்க்கிறவள் நான்.

"அண்ணைக்கு எது விருப்பம்?" என்று கடைசியில் ஆனந்தராசா கேட்டார்.

"எனக்கென்ன. சிநேகிதன்தானே யோசிக்கவேணும்" என்றார் செபமாலை.

இரண்டு நாள் கழித்துக் காஸ்தோன் ஊன்றுகோலோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். மிரேய் அவருக்குப் போன் செய்திருக்கிறாள். அவர் தகப்பனாரின் துவக்கை அவளுக்குப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்ததாம். குசினி மேசையில் இருந்து, நான் வைத்த றோல்ஸைத் தொடாமல், தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். காஸ்தோன் றோல்ஸைத் தொடாமல் இருந்தால் விஷயம் பெரிது.

"இது உன்னுடையதில்லை என்று சொன்னாயாம்" என்றார். "வேண்டாமென்றால் சொல்லு. கோபமில்லை. லவாலில் என் மருமகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதை நிமிர்த்தி வைத்து, மேலே பல்ப் பூட்டி, விளக்குச் செய்யப் போகிறானாம். மேலே போடுகிற கூட்டைக்கூட வாங்கிவிட்டான். மஞ்சள் நிறம், குஞ்சம் வைத்தது."

செபமாலை மேசையைப் பார்த்தார். அந்தத் துவக்கை அவர் ஒவ்வொரு வெள்ளியும் எங்கள் வீட்டு நிலவறையில் எடுத்து வைத்து, எண்ணெய்த் துணியால் குழந்தைக்கு முகம் துடைக்கிற மாதிரித் துடைக்கிறதை நான் படிக்கட்டில் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டில் அவர் ஆசைப்பட்ட ஒரே பொருள் அது. மஞ்சள் குஞ்சம் என்றதும் அவர் கழுத்து நரம்பு எழும்பியது. வாய் மட்டும், "உங்களுக்கு எது வசதியோ" என்றது.

காஸ்தோனின் முகம் விழுந்துபோனது. எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. இத்தனை வருடமாக யாருக்கும் சொல்லாததை, என் மனிதர் முன்னாலேயே, காஸ்தோனுக்குப் பிரெஞ்சில் சொன்னேன்.

மன்னாரில் ஒரு சுற்றிவளைப்பு. கோயில் மதிலோரம் ஒரு சைக்கிள் சாத்திக் கிடந்தது. பொடியன்களை வரிசையில் நிறுத்திவிட்டு, இது யாருடையது என்று ஆமிக்காரன் கேட்டான். செபமாலைக்குப் பக்கத்தில் நின்றவன் ஞானம், ஒன்றாகப் படித்தவன். சைக்கிள் புதிது. வாங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. "என்ர" என்று சந்தோசமாகச் சொன்னான். விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று ஏற்றிக்கொண்டு போனார்கள். சைக்கிள் மாரி வரைக்கும் மதிலோரம் நின்று துருப்பிடித்தது. ஞானம் வரவில்லை.

நான் சொல்லி முடிக்கும்வரை செபமாலை சுவரில் இருந்த கலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். காஸ்தோன் தொப்பி சுற்றுவதை நிறுத்தினார். அவர் ஆறுதல் சொல்லத் தெரிந்த மனிதரில்லை. ஒரு றோல்ஸை எடுத்துக் கடித்து, நன்றாக மென்று விழுங்கினார்.

"புதன்கிழமை மூன்று பேருமாக மிரேயிடம் போவோம்" என்றார். "அரிசி வாளியில் இருப்பதை எடுத்து வை." அரிசி வாளி விஷயம் சந்தை முழுக்கத் தெரிந்திருக்கிறது என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

புதன்கிழமை மிரேய் உரிமத்தை வாங்கி, பொலித்தீனைப் பிரித்து, ஒட்டியிருந்த ஒரு சம்பா அரிசியைத் தட்டிவிட்டுப் படத்தைப் பார்த்தாள். பத்திரத்தையும் பார்த்தாள். ஃபாதரின் கடிதம் இன்றும் இருக்கிறதா என்று கேட்டாள். பிறகு துவக்கை மேசையில் வைத்து, மூன்று குழல்களையும் பக்கத்தில் அடுக்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பேப்பர் சொல்வது எனக்குப் போதும், சட்டத்துக்கும் போதும். ஆனால் நான் உங்களைத்தான் கேட்கிறேன். இது யாருடைய துவக்கு?"

செபமாலை கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதில் என் நாக்கு நுனியில் நின்றது. வழக்கமாக நான்தானே எழும்பிப் போகிறவள். அன்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். காஸ்தோன் ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லாத தெருவை மும்முரமாகப் பார்த்தார். இவர் சொல்லாவிட்டால் இனி வாழ்நாளில் ஒன்றுக்கும் சொல்லமாட்டார், அந்தத் துவக்கு மஞ்சள் குஞ்சத்தோடு லவாலில் நிற்கும், இவர் வெள்ளிக்கிழமைகளில் வெறும் துணியோடு நிலவறையில் இருப்பார் என்று எனக்குத் தெரிந்தது.

அவர் கையை நீட்டி மரத்தின் மேல் வைத்தார். வெட்டுவதற்கு முன் இறைச்சியில் கை வைப்பார், அது போல.

"என்ர" என்றார் தமிழில்.

யாருக்கும் மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. இருந்தாலும் நான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நின்று காது கொடுத்தார். வெளியே ஒரு வாகனமும் வந்து நிற்கவில்லை. யாரும் கதவைத் தட்டவில்லை. அது தெரிந்ததும் மனிதருக்கு அணை உடைந்தது.

"அந்த மூஸும் நான்தான்" என்றார் காஸ்தோனைப் பார்த்து, இந்த முறை பிரெஞ்சில்.

"தெரியும்" என்றார் காஸ்தோன். "அன்றைக்கு என் துவக்கில் ரவையே இல்லை. ரவைப் பெட்டியை உன் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன். சுவரில் அந்தப் படத்தைப் பார்க்கிற நேரமெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ சொல்லுவாய் சொல்லுவாய் என்று பார்த்தேன்."

மிரேய் தொண்டையைச் செருமினாள். "எந்தக் குழல்?"

"சின்னத் துளை" என்றேன் நான் முந்திக்கொண்டு. காஸ்தோனின் முகம் நான் சொன்னதைக் கேட்டுச் சுருங்கியது. தகப்பனாரின் துவக்கு பழைய குரலில் வெடிக்கிறதை இன்னொரு முறை கேட்கத்தானே அவர் அடுப்பருகே இருக்க வருகிறார். அதைத் தன் வாயால் கேட்க அவருக்கு மனமில்லை.

செபமாலை மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் நிறுத்திப் பார்த்தார். தடித்ததைத் திருப்பி வைத்தார். சின்னத் துளையைக் கண்ணருகே கொண்டுபோய் வெளிச்சத்தைப் பார்த்தார், அதையும் வைத்தார். நீளமானதை எடுத்து மரத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"இது" என்றார்.

"உங்கட தோளை யோசியுங்கோ" என்றேன். "மாடு உதைக்கிற மாதிரி உதைக்கும் எண்டவள்."

"உதைக்கட்டும். அந்தச் சின்னன் டக்கெண்டு வெடிக்கும், நிரஞ்சி. முகாமில மற்ற ஆக்கள் அதாலதான் சுடுறவை. ஒவ்வொரு வெடிக்கும் எனக்குக் குப்புறப் படுக்கத்தான் வருது. நான் கறியைக் கிண்டுற மாதிரி நிண்டிடுவன். இது அப்பிடியில்லை. இது டும் எண்டு வெடிக்கும். மடு மாதா பெருநாளுக்குக் கொளுத்துற வெடி மாதிரி. ஊரில ஒருத்தரும் எங்களை இதால சுடேல்லை."

பங்கருக்குள் கிடந்து அதே சத்தங்களைக் கேட்டு வளர்ந்தவள் நான். தோளை யோசித்தேன், எண்ணெயை யோசித்தேன், சத்தத்தை யோசிக்கவில்லை. மிரேய் என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சொன்னேன். குழலை நீளம் பார்த்து எடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், விலை பார்த்து எடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், சத்தம் பார்த்து எடுத்தவரை முதல் முறையாகப் பார்க்கிறேன் என்றாள். கழுத்திலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பழைய குழலின் அளவுகளை எழுதத் தொடங்கினாள். காஸ்தோன் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைப் பலமாகச் சீறினார்.

ஒக்டோபரில் ஒரு மூஸும் வரவில்லை. கிழமை முழுக்க மழை. கடைசி நாள், காஸ்தோன் முகாம் வாசலில் போர்வையோடு கதிரையில் இருக்க, செபமாலை ஒரு காகிதத் தட்டை மரத்தில் குத்திவிட்டு ஒரே ஒரு வெடி வைத்தார். தட்டின் விளிம்பு பறந்தது. ஏரி முழுக்க அந்தச் சத்தம் உருண்டு போய் வந்ததாம். காஸ்தோன் தொப்பியைக் கழற்றி, அது அடங்கும்வரை மடியில் வைத்திருந்தாராம். மருமகன் அந்த மஞ்சள் கூட்டை ஒரு ஹாக்கி மட்டையில் பூட்டிவிட்டான். என் மனிதர் கத்தரிக்காய் நிறத் தோளோடு வீட்டுக்கு வந்தார். ஆர் அடித்தது என்று ஜெசிக்கா கேட்க, "என்ர துவக்கு" என்று பெருமையாகச் சட்டையை விலக்கிக் காட்டினார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு. ஃபாதர் அறிவித்தல்களை வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றினார். "வாசலில ஒரு நீல வான் லைட் நிப்பாட்டாமல் நிக்குது. ஆற்ற வான்?"

நான் பழக்கத்தில் சேலையைப் பிடித்தேன். அதற்குள் பக்கத்தில் செபமாலை எழும்பி நின்றார்.

"என்ர, ஃபாதர்" என்றார். குரல் கூரை வரைக்கும் போனது. நடுவால் நிமிர்ந்து நடந்து போனார். முழுச் சனமும் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவரைக் கட்டின நாளில்கூட நான் அவ்வளவு பெருமைப்படவில்லை.

அவர் கதவைத் தாண்டின பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் வான் பனிக்கால டயர் மாற்றக் கராஜில் நின்றது. நாங்கள் அன்று வந்தது என் சின்னச் சிவப்புக் காரில். சுற்றிப் பார்த்தேன். இரண்டு வரிசைக்கு முன்னால், நீலத்தில் புதிதாக வான் வாங்கின ஆனந்தராசா முழந்தாளில் இருந்தார். கண் இறுக்க மூடியிருந்தது.

கடைசிப் பாட்டுத் தொடங்கும்போது செபமாலை வந்து பக்கத்தில் நின்றார்.

"எங்கட வான் கராஜிலயெல்லோ நிக்குது" என்றேன் மெதுவாக.

"ஓம். வெளியில போனாப் பிறகுதான் நினைவு வந்தது. அது ஆனந்தராசாவின்ர."

"அப்ப ஃபாதருக்குச் சொல்லுங்கோவன்."

அவர் முன்னால் குனிந்திருந்த அந்த முதுகைப் பார்த்தார். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கத்தைத் தேடினார்.

"சொன்னால் அவனைக் கேப்பினம்" என்றார். "பற்றரி இறங்கினால் பேந்து வயர் குடுத்து எடுப்பம். இப்ப என்ர எண்டே இருக்கட்டும்."